“எங்க வந்துக்கிட்டிருக்கீக?”

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை பிறக்க இன்னும் சில நாட்களே இருக்கின்றன. பொங்கல், சிராவயல் மஞ்சுவிரட்டு, பழநி நடைப்பயணம், இடையிடையே முகூர்த்த நாட்கள் என்று செட்டிநாட்டுச் சாலைகளில் நெரிசல் கூடும் பருவம் இது. சென்னை, கோவை, பெங்களூரு என்று வெளியூர்களில் இருக்கும் உறவுகள் காரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வரத் தொடங்கிவிடுவார்கள். காரைக்குடியில் கார், இருசக்கர வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் நாங்கள், ஓட்டும்போது கவனம் சிதறுவதைப் பற்றி இந்த நேரத்தில் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறோம். போனில் பேசிக்கொண்டே ஓட்டாதீர்கள் என்று ஓட்டுநருக்குச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் போனை அடிக்க வைத்தவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம்தான் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

சென்னையிலிருந்து காரைக்குடி ஏறத்தாழ 420 கி.மீ. இரவு 10 மணிக்குக் கிளம்பும் கார் திருச்சியைத் தாண்டும்போது விடியற்காலம் 4 மணி நெருங்கிவிடும். ஓட்டுகிறவருக்குத் தூக்கம் கண்ணைச் சொக்கும் நேரம் அது. விசேஷ வீட்டில் எல்லோரும் எழுந்து அடுப்பு பற்றவைக்கும் நேரமும் அதுதான். “எங்க வந்துக்கிட்டிருக்கீக?” என்று அப்பச்சி ஒருமுறை கேட்பார். பத்து நிமிடம் கழித்து அதையே ஆச்சி கேட்பார். பிறகு மாப்பிள்ளை வீட்டார், பிறகு சமையலுக்குப் பொறுப்பானவர். அன்பினால் வரும் அழைப்புகள்தான். ஆனாலும் புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவே, இருட்டு விலகாத சாலையில், ஒரே ஓட்டுநருக்கு அரை மணி நேரத்தில் நான்கு அழைப்பு வந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. போன் அடித்ததும் யார் என்று பார்த்து, பச்சைப் பொத்தானைத் தள்ள மூன்று நொடி ஆகும். மூன்று நொடிக்கு 50 மீட்டர். நம் ஊர்ப் பெரிய வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்புத் திண்ணை, வளவு என்னும் உள்முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்பங்கட்டு, அப்புறம் பின்வாசல் தெரு. கண்ணைக் கட்டிக்கொண்டு அவ்வளவு நீளத்தையும் காரில் கடப்பதற்குச் சமம் இது.

முழுக் கவனத்தோடு ஓட்டுகிறவருக்கே, குறுக்கே ஒன்று வருவது கண்ணில் பட்டு, மனதில் உறைத்து, கால் ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகிறது. அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு காய்ந்த தார்ச் சாலையில் இன்னும் 20 மீட்டர். ஆக 60 கி.மீ. வேகத்தில் நிற்க 45 மீட்டர் வேண்டும். போனைப் பார்த்த மூன்று நொடியைச் சேர்த்தால் 95 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் கவனமாக இருந்தாலே 68 மீட்டர். போனையும் பார்த்தால் 135 மீட்டர். அதிகாலையில் நம் ஹெட்லைட் தாழ்வெளிச்சத்தில் அவ்வளவு தூரம் தெரியவே தெரியாது. அமெரிக்காவில் 100 கார்களில் கேமரா பொருத்தி, ஓட்டுகிறவர்களின் கண் எங்கே போகிறது என்று ஓராண்டு பதிவு செய்தார்கள். அந்த ஆய்வு முடிவு 2006இல் வெளியானது. சாலையை விட்டுக் கண் இரண்டு நொடிக்கு மேல் விலகினால் விபத்து அபாயம் குறைந்தது இரண்டு மடங்காகிறது என்று அதில் தெரிந்தது.

“நான் கையில் எடுப்பதில்லை, புளூடூத்தில்தான் பேசுகிறேன்” என்று பலர் சொல்கிறார்கள். இதைத்தான் நாங்கள் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: புளூடூத் கையை மட்டுமே விடுவிக்கிறது. பந்தியில் எத்தனை பேர், பூ வந்துவிட்டதா, ஐயரை யார் அழைத்து வருவது என்று மனம் விசேஷ வீட்டுக்குள் போய்விட்டால், கண் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பார்த்தது உள்ளே பதியாது. இதன் அறிகுறிகளைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். ஓட்டுகிறவர் கண்ணாடிகளைப் பார்ப்பது நின்றுவிடும். பார்வை நேராக ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். ஏற்றத்தில் இன்ஜின் திணறினாலும் கியரைக் குறைக்கக் கை போகாது. வேகத்தடையில் கார் தூக்கிப்போட்ட பிறகுதான் பிரேக்கில் கால் வைப்பார். பேசி முடித்ததும் கடைசியாகத் தாண்டிய ஊர் எது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

அழைப்பைத் துண்டித்த உடனே மனம் சாலைக்குத் திரும்பிவிடுவதும் இல்லை. குரலால் கட்டளையிட்டுப் போன் செய்வது, பாட்டு மாற்றுவது போன்றவற்றை யூட்டா பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை முடிந்த பிறகும் 27 நொடி வரை கவனக்குறைவு நீடித்தது. 60 கி.மீ. வேகத்தில் 27 நொடி என்பது 450 மீட்டர்.

பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேசுவது மட்டும் பரவாயில்லையா என்று கேட்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. பக்கத்தில் இருப்பவரும் அதே சாலையைப் பார்க்கிறார். எதிரே லாரி ஏறி வந்தால் அவர் பேச்சு தானாக நின்றுவிடும். “பார்த்து, மாடு” என்பார். காரைக்குடி வளவில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு எதிரே வரும் லாரி தெரியாது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவார், பதிலும் எதிர்பார்ப்பார்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 184ஆம் பிரிவின் கீழ், ஓட்டும்போது கையில் போனைப் பயன்படுத்துவதை அபாயகரமாக ஓட்டும் குற்றமாகவே வைத்திருக்கிறது. முதல்முறை என்றால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம். அதுவும் கவனம் சிதறாத வகையில்.

இனி, செய்ய வேண்டியவை. இவை எல்லாமே சாவியைத் திருப்புவதற்கு முன்பு செய்ய வேண்டியவை; வண்டி நகர்ந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமே மிஞ்சக் கூடாது.

போனில் ‘டிரைவிங்’ என்று ஒரு நிலை இருக்கிறது. ஐபோனில் செட்டிங்ஸில் ஃபோகஸ் என்ற பகுதிக்குள் இருக்கும். ஆண்ட்ராய்டு போன்களில் மோட்ஸ் என்றோ வேறு பெயரிலோ இருக்கும். செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் டிரைவிங் என்று தட்டினால் கிடைத்துவிடும். கார் புளூடூத்தோடு போன் இணைந்ததும் அது தானாகத் தொடங்கும்படி வைத்துக்கொள்ளலாம். தானியங்கிப் பதில் அனுப்பும் வசதி இருந்தால் ஆங்கிலத்தில் இருக்கும் வாசகத்தை அழித்துவிட்டு, “ஓட்டிக்கொண்டிருக்கிறேன், நிறுத்தியதும் நானே கூப்பிடுகிறேன்” என்று தமிழில் எழுதிவையுங்கள். ஆச்சிக்கும் புரிய வேண்டும் அல்லவா. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே எண்ணிலிருந்து சில நிமிடங்களுக்குள் இரண்டாவது முறை அழைத்தால், அவசரம் என்று எடுத்துக்கொண்டு போன் ஒலிக்க விடும் ஓர் ஏற்பாடு உண்டு. ஐபோனில் அதற்கு மூன்று நிமிடக் கணக்கு. எடுக்கவில்லை என்றால் உடனே மறுபடி அடிப்பது நம் வழக்கம் என்பதால், அதை அணைக்காவிட்டால் இந்த நிலை வைத்தும் பயன் இல்லை. அதை அணைத்துவிட்டு, உண்மையான அவசரத்துக்குக் காரில் உடன் வரும் இன்னொருவர் எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். தனியாக ஓட்டுகிறவர் போனைப் பின் இருக்கைப் பைக்குள் போட்டுவிடலாம். எட்டாத போனை எடுக்கத் தோன்றாது.

வழி பார்க்கப் போன் வேண்டும் என்றால், ஊரைத் தட்டி, பாதையைத் தேர்ந்தெடுத்து, குரல் வழிகாட்டியைத் தமிழுக்கு மாற்றி, ஒலியைக் கூட்டி வைத்த பிறகு கிளம்புங்கள். சிக்னல் கிடைக்காத இடங்கள் வழியில் உண்டு; எனவே வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்வது நல்லது. ஸ்டாண்டை ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், டாஷ்போர்டு விளிம்புக்கு மேலே போன் எட்டிப் பார்க்காதபடி பொருத்துங்கள். முன்கண்ணாடியின் நடுவில் ஒட்டினால் இடப்பக்கம் நடந்து போகிறவரை அது மறைக்கும். வலது ஓரத்தில், கண்ணாடித் தூணை ஒட்டி வைத்தால், ஏற்கெனவே தூண் மறைக்கும் இடம் இன்னும் அகலமாகும். ஏர்பேக் வெளிவரும் மூடியின் மேல் ஒட்டவே கூடாது. இரவில் திரை வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவிடுங்கள். பளிச்சென்ற திரையைப் பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்தால், கண் இருட்டுக்குப் பழகும்வரை ஓரத்தில் நடக்கிறவர் தெரிய மாட்டார்.

செட்டிநாட்டு ஊர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கானாடுகாத்தானோ பள்ளத்தூரோ கொத்தமங்கலமோ, தெருக்கள் நேர்நேராகக் கட்டம் போட்டது போல இருக்கும். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வரைபடத்தில் குத்தியிருக்கும் புள்ளி பல நேரம் நம்மைப் பின்வாசல் தெருவில் கொண்டு நிறுத்திவிடும். அங்கே வந்ததும் ஓட்டுகிறவர் ஒரு கையில் போனைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வண்டியை உருட்டுவார். வேகம் 15 கி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் அந்தத் தெரு முனைகளில் சுவர் சாலை விளிம்பு வரை நிற்கிறது. குறுக்குத் தெருவிலிருந்து சைக்கிளில் வரும் பிள்ளை, வண்டியின் மூக்கு முனையைத் தாண்டும்வரை கண்ணில் படாது. முனைக்கு முனை நிறுத்தி, ஹாரன் அடித்து, இரு பக்கமும் பார்த்துப் போக வேண்டிய தெருக்கள் அவை. வழி தெரியவில்லையா? நிறுத்திவிட்டு, எதிரே வருகிறவரிடம் வீட்டு விலாசத்தைச் சொல்லிக் கேளுங்கள். முகப்பு எந்தத் தெருவில் என்று யாரும் சொல்வார்கள். வீடுகளின் அழகைப் பார்க்க வருகிறவர்களும் இறங்கி நின்று பார்க்கலாம். ஓட்டிக்கொண்டே மேல்மாடச் சுதைவேலையைப் படம் எடுப்பது வேண்டாம்.

போன் பேசியே ஆக வேண்டும் என்றால் நிறுத்த வேண்டும். ஆனால் அடித்த உடனே சட்டென்று ஓரம் கட்டுவதும் ஆபத்து. அடிக்கட்டும், விடுங்கள். உள்கண்ணாடி, இடப்பக்கக் கண்ணாடி இரண்டையும் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்துக்கொண்டே பெட்ரோல் பங்க், பேருந்து நிறுத்தத்தின் அகலமான ஓரம் போன்ற இடத்தில் நிறுத்துங்கள். கண்மாய்க்கரை வளைவு, பாலத்தை ஒட்டிய இடம், மரத்தால் மறைந்த திருப்பம் ஆகியவை கூடாது. தார் முடியும் இடத்தில் செம்மண் ஓரம் அரை அடி வரை தாழ்ந்திருக்கும் சாலைகள் நம் பகுதியில் உண்டு. வேகமாகப் போகும்போது இடச்சக்கரம் அதில் இறங்கிவிட்டால் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கும். பதறி வலப்பக்கம் வெட்டினால் சக்கரம் தார் விளிம்பில் சிக்கி, பிறகு திடீரென்று ஏறி, கார் எதிர்த்தடத்துக்குப் பாய்ந்துவிடும். போனைத் தேடும்போது சக்கரம் இறங்குவதும் விபத்து நேர்வதும் பெரும்பாலும் இப்படித்தான். இறங்கிவிட்டால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை விட்டு, 20 கி.மீ.க்குக் கீழே வந்த பிறகு மெதுவாக ஏற்றுங்கள். நிறுத்தியதும் நியூட்ரல், கைப்பிரேக், நான்கு விளக்குகளும் மின்னும் பொத்தான், அப்புறம் பேச்சு.

இருசக்கர வாகனத்தில் வேறு விதமான தொல்லை. செக்காலை ரோட்டிலும் கல்லுக்கட்டிப் பக்கமும் காலை நேரத்தில் நின்று பார்த்தால், ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு போகிறவர்களைக் காணலாம். செருகுவதற்கு வார்ப்பட்டையைத் தளர்த்த வேண்டும். விழுந்தால் ஹெல்மெட் முதலில் கழன்று ஓடிவிடும். போன் நழுவாமல் இருக்கத் தலையைத் தோளுக்குச் சாய்ப்பார்கள். சாய்த்த தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியாது. ஒரு காது அடைத்திருப்பதால் ஹாரன் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் பிடிபடாது.

ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் இதை நன்றாக மனதில் வைக்க வேண்டும். ஸ்கூட்டரில் பிரேக் இரண்டுமே கையில் இருக்கின்றன. வலது கையில் முன் பிரேக்கும் ஆக்சிலேட்டரும். இடது கையில் பின் பிரேக். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் இந்த இடது பிரேக்தான் முன், பின் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. இடது கையால் போனைப் பிடித்தால் அந்த பிரேக் மொத்தமாகப் போய்விடுகிறது. ஆபத்தில் வலது கையால் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால், செம்மண் புழுதி படர்ந்த திருப்பத்தில் முன் சக்கரம் வழுக்கும். ஒற்றைக் கையில் ஹேண்டில்பாரை நேராக நிறுத்தவும் முடியாது.

போனைத் தவிர மற்றவையும் உண்டு. துப்பட்டா, முந்தானையைக் கிளம்பும் முன்பே இறுக்கிச் செருகிக்கொள்ள வேண்டும்; ஓடும்போது சரிசெய்யக் கை போவதும் ஆபத்து, சக்கரத்தில் சிக்கினால் அதைவிட ஆபத்து. ஹேண்டில்பாரில் தூக்குவாளியும் காய்கறிப் பையும் தொங்கவிட்டால் திருப்பும்போது முட்டியில் இடிக்கும், கண் கீழே போகும். முன்னால் குழந்தையை நிற்க வைத்தால் அதன் கை ஆக்சிலேட்டரில் படும்.

காருக்குள் எங்களை மிகவும் கவலைப்பட வைப்பது தண்ணீர் பாட்டில். கதவுப் பையிலோ இருக்கையிலோ கிடக்கும் பாட்டில் வேகத்தடையில் கீழே விழுந்து உருண்டு, பிரேக் மிதிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அடுத்த முறை பிரேக் மிதித்தால் பாதிதான் இறங்கும். கழற்றிவிட்ட செருப்பும் இதே வேலையைச் செய்யும். ஓட்டுகிறவர் கால் பக்கம் எதுவும் இருக்கக் கூடாது. பாட்டில் அதற்குரிய குழியில் இருக்க வேண்டும். காலடி விரிப்பு அதன் ஊக்கில் மாட்டியிருக்க வேண்டும். உள்கண்ணாடியில் தொங்கும் பூச்சரம், மணிமாலை, எலுமிச்சை எல்லாம் ஆடும்போது கண்ணையும் ஆட்டும். தொலைவில் வரும் ஒரு பைக்கை முழுதாக மறைக்க அந்தச் சரத்தின் அகலம் போதும். சாமி படம் டாஷ்போர்டில் தாழ்வாக இருக்கட்டும். மாலையில் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, திருப்பத்தூர் நோக்கிப் போனால் சூரியன் நேர் எதிரே நிற்கும். கண்ணாடியில் புழுதி இருந்தால் அப்போது ஒன்றுமே தெரியாது. கண்ணாடி கழுவும் தண்ணீரை நிரப்பி, கண்மறைப்பை இறக்கிவைத்த பிறகே கிளம்புங்கள்.

பாட்டு மாற்றுவது, ஏசியைக் கூட்டுவது, டோல் வந்ததும் எதையாவது தேடுவது எல்லாம் பக்கத்து இருக்கைக்காரர் வேலை. அவர் தூங்கக் கூடாது. குழந்தைகள் பின்னால் சண்டை போட்டால் ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்து அதட்டுவது கூடாது, நிறுத்தி அதட்டலாம்.

கேதத்துக்கு, அதாவது துக்க வீட்டுக்கு, வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடம்பு சரியில்லை என்று கேட்டுக் கிளம்பி வரும் மகனுக்கு, வழியில் இறப்புச் செய்தியைப் போனில் சொல்லிவிடுகிறார்கள். கை நடுங்கும், கண் நிறையும், வண்டி மட்டும் 80இல் ஓடும். அந்தச் செய்தியை ஓட்டுகிறவரிடம் சொல்லாதீர்கள். உடன் வருபவரிடம் சொல்லி, எங்காவது நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து வேறு ஒருவர் ஓட்ட ஏற்பாடு செய்யுங்கள். தனியாக வருகிறவர் என்றால், வந்து சேரும்வரை பொறுத்திருப்பதே அவருக்குச் செய்யும் நன்மை.

இந்தப் பருவத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. குன்றக்குடி வழியாகப் பழநிக்கு நடப்பவர்கள் வெயிலுக்கு முன்பே, இருட்டோடு இருட்டாக நடையைத் தொடங்கிவிடுவார்கள். இடது ஓரமாக நடக்கும் அவர்கள் முதுகுதான் நம் பக்கம் இருக்கும்; வருகிற வண்டி அவர்களுக்குத் தெரியாது. 45 மீட்டரில் நிற்க வேண்டிய கார் 95 மீட்டரில் நின்றால் நடுவில் இருப்பவர்கள் அவர்கள்தான். நடப்பவர்கள் பையின் பின்புறம் ஒளி திருப்பும் பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம். ஹெட்லைட் பட்டதும் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும்.

கடைசியாக, வீட்டில் காத்திருப்பவர்களுக்கு. கார் எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவல் நியாயமானது. அதற்குப் போன் செய்ய வேண்டாம். வாட்ஸ்அப்பில் இருக்கும் இடத்தை நேரலையாகப் பகிரும் வசதி இருக்கிறது; 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று கால அளவு. சென்னையில் கிளம்பும்போதே, ஓட்டாதவர் ஒருவர் தம் போனில் 8 மணி நேரத்துக்குக் குடும்பக் குழுவில் பகிர்ந்துவிட்டால், கார் கீரனூர் தாண்டியதும் திருமயம் வந்ததும் வளவில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். அந்தப் போனுக்குக் காரில் சார்ஜர் போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படியும் கூப்பிட நேர்ந்தால் முதல் வார்த்தையாக “ஓட்டிக்கிட்டிருக்கீகளா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால், “நிறுத்திட்டுக் கூப்பிடுங்க” என்று சொல்லி நீங்களே வைத்துவிடுங்கள்.

அழைப்பிதழ் அச்சடிக்கக் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு விலாசத்துக்குக் கீழே முகப்பு இருக்கும் தெருவின் பெயர், அருகில் இருக்கும் ஊருணி அல்லது கோயில், வண்டி நிறுத்தும் இடம், வழி கேட்க வீட்டில் சும்மா இருக்கும் ஒருவரின் எண் ஆகியவற்றையும் சேர்த்து அச்சிடுங்கள். இரண்டு வரிக்கு மேல் ஆகாது.

இப்படிக்கு,
ஓட்டுநர் பயிற்றுநர்கள் சிலர்,
காரைக்குடி.